துண்டுக்குள் மூன்று கை

உண்ணாமலைக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குடைச்சல். சந்தையில் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு இந்த ஆம்பளைகள் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள்?

கந்தர்வக்கோட்டைப் பக்கம் வாரந்தோறும் மாட்டுச் சந்தை கூடும். அப்பனோடு அவளும் போவாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. தரகர் வந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், திமிலைத் தட்டுவார். அதுவரைக்கும் எல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி நடக்கும். விலை என்று வந்துவிட்டால் சத்தம் நின்றுபோகும். தரகர் தோள் துண்டை உதறி அப்பன் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும், எலி புகுந்த சாக்கு மாதிரி நெளியும். அப்பன் முகத்தைச் சுளிப்பார். தரகர் வாங்க வந்தவரிடம் போய் அவர் கைமேலும் துண்டைப் போடுவார். இங்கிட்டும் அங்கிட்டுமாக நடந்து, கடைசியில் துண்டு விலகும்போது மாடு விலைபோயிருக்கும். என்ன விலைக்கு என்று கயிற்றைப் பிடித்திருந்தவளுக்குத் தெரியாது.

"எம்புட்டுக்குப்பா குடுத்தீங்க?"

"குடுத்தாச்சுல்ல. கயித்த அவுகட்டக் குடுத்துட்டு வா."

அவளைக் கட்டிக்கொண்டவன் பிச்சைமுத்து, அதே சந்தையில் தரகன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவன் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்க, உள்ள என்ன நடக்குது?"

அவன் சிரித்துக்கொண்டே துண்டுக்குள் கையை விட்டான். ஒரு விரலைப் பிடித்தால் பத்து. இரண்டு விரல் இருபது. விரலைப் பாதியில் மடக்கிப் பிடித்தால் அதில் பாதி. உள்ளங்கையோடு சேர்த்து அழுத்தினால் நூறு.

"இம்புட்டுத்தானா! இதுக்கா எங்கள ஒதுங்கி நிக்கச் சொன்னீக?"

"வெளிய சொல்லிப்புடாதடி, எம் பொழப்பு போயிரும்."

அதன் பிறகு அவர்கள் வீட்டில் பாதிப் பேச்சு விரலில்தான். மாமியார் எதிரே உட்கார்ந்திருக்க, துண்டுக்குள்ளேயே டூரிங் கொட்டகைக்குப் போக முடிவு செய்வார்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம், பிச்சைமுத்துவுக்கு வாதம் வந்தது. வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. இடது கையை நீட்டினால் எவனும் தொடமாட்டான். நிலம் நீச்சு கிடையாது. அந்தக் கைதான் வீட்டின் சோறு.

"நான் போறேன் சந்தைக்கு" என்றாள் உண்ணாமலை.

"மாடு பாத்துருவ, அது எனக்குத் தெரியும். ஒங் கைய எவன் புடிப்பான்?"

"ஏன், முள்ளா குத்தும்?"

புருஷனின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றாள். அடைக்கலம் என்ற விவசாயச் சம்சாரி காளை கொண்டுவந்திருந்தார். நடக்கவிட்டுப் பார்த்தாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள். பேச்சு நல்லபடியாகத்தான் போனது. விலை என்றதும் துண்டை உதறிக் கையை நீட்டினாள். அடைக்கலம் பாம்பை மிதித்தவர் மாதிரி துள்ளி விலகினார்.

"அடைக்கலம், வீட்டுல போயிச் சொல்லட்டுமா?" என்று யாரோ கத்த, சந்தையே சிரித்தது.

தரகர்களில் மூத்தவர் நாகராசு. பிச்சைமுத்துவின் கூட்டாளி. அவர் வந்து அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, அடுத்தவன் பொண்டாட்டி கையத் துண்டுக்குள்ள புடிக்கிற வழக்கம் நம்ம சந்தையில கெடையாது. வெலைய வாயால சொன்னா யாவாரம் கெட்டுப்போவும். நீ ஒண்ணு பண்ணு, மாட்டுக்குத் தண்ணி காட்டு. ஆளாளுக்குப் பாத்துக் குடுப்பாக."

தண்ணி காட்டவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியெல்லாம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கை கூடாதென்றால் எந்தக் கை கூடாது? யாரோடு கூடாது?

மறு சந்தைக்கும் போனாள். பக்கத்து ஊர் கண்ணுசாமி ஒரு கறவைப் பசுவை ஓட்டிவந்திருந்தான். கயிற்றைப் பிடித்திருந்தது அவன் பெண்டாட்டி அமராவதி. வாங்க வந்தவர் மணமேல்குடியிலிருந்து பஸ்ஸில் வந்த முத்துராமன். கறந்து பார்த்து வாங்கவேண்டும், கறக்கப்போகிறவளை மாடு அண்டவிட வேண்டும் என்று பெண்டாட்டி பிச்சையம்மாளையும் கூட்டிவந்திருந்தார். பிச்சையம்மாள் பசுவின் மடியில் கை வைத்தாள். பசு அசையாமல் நின்றது.

உண்ணாமலை கண்ணுசாமியிடம் போனாள். "அண்ணே, நீங்க எங் கையப் புடிக்க வேணாம். அமராவதி புடிக்கட்டும். பொம்பளையும் பொம்பளையும் கை புடிச்சா மானம் போவாதுல்ல?"

கண்ணுசாமி நாகராசுவைப் பார்த்தான். நாகராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரப் பார்த்தார். அதற்குள் துண்டு அமராவதியின் கைமேல் விழுந்துவிட்டது.

"இது பத்து" என்று உண்ணாமலை அவள் காதில் சொல்லி விரலைப் பிடித்தாள். "இது நூறு." அமராவதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அவள் யோசித்து யோசித்து அழுத்தினாள். அங்கே பிச்சையம்மாளிடமும் அதே பாடம், அதே துண்டு. ஆம்பளைகள் இருவரும் எட்ட நின்று துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி சொன்னா? எம்புட்டு?" என்றான் கண்ணுசாமி.

"இருங்க, பேசிக்கிட்டுருக்கோம்ல."

பசு விலைபோனது. உண்ணாமலைக்குத் தரகும் கிடைத்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போன அமராவதி புருஷன் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாளாம். "போன வருஷம் வித்த காளைக்கு எத்தன வெரல் புடிச்சீக? புடிச்சுக் காட்டுங்க." அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. விற்ற விலை ஒன்று, வீட்டில் சொன்ன விலை ஒன்று, நடுவில் இருந்தது முந்திரித் தோப்பில் சீட்டாடிப் போனது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தக் கதை தண்ணீர்க் குடத்தோடு ஊர் ஊராகப் போனது. அடுத்தடுத்த சந்தைகளில், நான்தான் கறக்கிறேன், நானும் வருவேன் என்று பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் நாகராசு தன் பசுவையே ஓட்டிக்கொண்டு உண்ணாமலையிடம் வந்தார். பின்னால் அவர் பெண்டாட்டி அழகி கயிற்றைப் பிடித்து வந்தாள். சுற்றிலும் தரகர்கள், சம்சாரிகள்.

"தங்கச்சி, கையக் குடு. எம் மாட்ட நீயே பேசி முடி."

"வழக்கம் கெடையாதுன்னு சொன்னீகளேண்ணே?"

"தங்கச்சி கையப் புடிக்க என்ன வழக்கம்? இனிமே எல்லாரும் புடிப்பாக, சொல்லிப்புட்டேன். ஆனா ஒண்ணு." குரலைத் தாழ்த்தினார். "பொம்பளைகள இதுல இழுக்காத. அவுக அவுக வீட்டுல நிம்மதியா இருந்துக்கிடட்டும். முடியாதுன்னா, ஒன்கிட்ட எவனும் மாடு கொண்டாற மாட்டான்."

உண்ணாமலைக்கு அப்போது தெளிந்தது. அவர்கள் பயந்தது அவள் கைக்கு இல்லை. நாகராசு நீட்டிய கையைப் பார்த்தாள். தடித்த விரல்கள். அதைப் பிடித்தால் நாளையிலிருந்து அவளும் ஒரு தரகர். புருஷனுக்குத் தைலம் வாங்கலாம், யாரிடமும் கெஞ்சவேண்டாம். பிடிக்காவிட்டால் தண்ணி காட்டக்கூட விடமாட்டார்கள்.

"புடிக்கிறேண்ணே" என்றாள். நாகராசு முகம் மலர்ந்தது. "ஆனா கறக்குறவ கையும் கூட இருக்கணும். எந் துண்டுக்குள்ள அதுதான் வழக்கம்."

"மூணு கையா? துண்டு பத்தாதேத்தா!" என்று நாகராசு சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

உண்ணாமலை துண்டை எடுத்து இடுப்பில் செருகினாள். நிழலில் விரித்து உட்காரப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்து உதறினாள். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. நீட்டிய கையை நாகராசு மடக்கிக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் உண்ணாமலை அதைப் பிடித்துச் சேலையைப் போட்டு மூடியிருந்தாள்.

அழகி முன்னால் வந்து, கயிற்றைப் புருஷனின் இடது கையில் திணித்தாள்.

"இதக் கொஞ்சம் புடிங்க" என்று சொல்லிவிட்டு, சேலைக்குள் கையை விட்டாள்.