திரும்பி வந்த மவுத் அறிவிப்புகள்

முத்துப்பேட்டைக்கு வடக்கே, ஆற்றை ஒட்டிய ஊர். அங்கே போய் ஹாஜா மைதீன் வீடு எது என்று கேட்டால், எந்த ஹாஜா மைதீன் என்பார்கள். ‘மவுத்து ஹாஜா’ என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். ஊரில் யார் இறந்தாலும் தன்னுடைய இணையதளத்தில் அறிவிப்புப் போடுகிறவர் அவர். இன்னாருடைய மகளும், இன்னாருடைய மனைவியும், இன்னாருடைய தாயாருமான இன்னார் வஃபாத்தாகிவிட்டார்கள், அஸருக்குப் பிறகு நல்லடக்கம். துபாயிலும் புருனேயிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பார்கள். தெரிந்த பெயர் இல்லையென்றால்தான் பல் துலக்கப் போவார்கள்.

சவுதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்த காலத்தில், அவருடைய வாப்பா இறந்தது அவருக்குத் தபாலில் தெரிந்தது. அதற்குள் ஏழாம் நாள் ஃபாத்திஹாவே முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் அந்தக் கோபத்தில் தொடங்கிய தளம் இது. கோபம் எப்போதோ போய்விட்டது. ஊருக்குத் திரும்பி, சர்க்கரையும் முழங்கால் வலியும் வந்து, விட்டுத்தொலைக்கலாம் என்று நினைத்தபோதெல்லாம் யாராவது இறந்துபோனார்கள். இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. செல்லில் அவர் பெயர் வந்தாலே வெளிநாட்டில் இருப்பவர்கள் யார் போனார்களோ என்று பயந்துவிடுவார்கள். நலம் விசாரிக்கக்கூட அவரால் யாரையும் கூப்பிட முடியாது.

போன வாரம் அந்தத் தளம் கெட்டுப்போனது. அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ரம்மி ஆடக் கூப்பிட்டாள்.

“என்ன காக்கா, தொழிலை மாத்திட்டீங்களா?” என்று ஷார்ஜாவிலிருந்து ஜாஃபர் சாதிக் கேட்டான்.

தளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனியில் கேட்டார். அவர்கள் எடுத்து வைத்திருந்த நகலிலும் அதே பெண் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அலமாரியில், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில், ரமலானுக்கு ரமலான் அவரே நகல் எடுத்து வைத்திருந்த பென்டிரைவ் அகப்பட்டது. கெட்டதைத் துடைத்துவிட்டு, அதிலிருந்து பழைய அறிவிப்புகளை ஏற்ற ஆரம்பித்தார். கரண்ட் போகும், வந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக ஒரு மதியம் எல்லாம் ஏறி முடிந்தது. கண் எரிய, அஸர் தொழப் பள்ளிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது மனைவி கமருன்னிஸா வாசலிலேயே நின்றிருந்தார்.

“போனவங்களை எல்லாம் மறுபடி அனுப்பி வச்சிட்டீங்களாமே. ஒங்க செல்லு ஓயலை.”

புது அறிவிப்பு ஏறினால், அதன் தலைப்பு மட்டும் எல்லாருக்கும் மெயிலில் போகும்படி முன்பு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஏற்றும்போது அதை நிறுத்தி வைக்க மறந்துவிட்டார். ஒவ்வொரு பழைய மவுத்தும் இன்றைய தேதியோடு கடல் தாண்டிப் போயிருந்தது. பதறிப்போய் எல்லாரும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறக்க, அது திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாராலும் படிக்க முடியவில்லை.

வந்திருந்த குரல் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜாஃபர் சாதிக்: “காக்கா, எங்க வாப்பா இன்னைக்கு மறுபடி போயிருக்காங்க. இந்தத் தடவையாச்சும் நல்லபடியா அடக்கம் பண்ணுங்க.” அடுத்தது குவைத்திலிருந்து நெய்னா முகம்மது. அழுதுகொண்டே பேசியிருந்தான். “மாமா, உம்மாவை எடுத்துடாதீங்க. நான் வந்து மொகத்தைப் பாத்துக்கிறேன். ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிட்டேன்.”

ஹாஜா மைதீன் போன மெயில்களைத் திறந்து பார்த்தார். மெயிலில் போன மெஹராஜ் பேகம் தெற்குத் தெருக்காரர். இறந்து பல வருடங்கள் ஆகின்றன. நெய்னாவின் உம்மாவும் மெஹராஜ் பேகம்தான், ஆனால் அவர் நேற்றுகூட மீன்காரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

உடனே கூப்பிட்டார். நெய்னா இவர் பெயரைப் பார்த்ததும் கட் பண்ணினான். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் கட். அடக்கம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்திருப்பான். இனி அந்த அம்மாவின் குரலைக் கேட்டால்தான் அவன் நம்புவான். முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஸ்கூட்டரில் ஏறினார்.

மெஹராஜ் பேகம் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

“ராத்தா, ஒங்க செல்லு எங்கே?”

“தொட்டியில விழுந்துருச்சு தம்பி. அரிசிக்குள்ள போட்டு வச்சிருக்கேன். ஏன், யாரு மவுத்து?”

“நீங்கதான்,” என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

மெஹராஜ் பேகம் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அழுதானா?”

“அழுவுறாரு.”

“போட்டுக் காட்டுங்க.”

குரல் செய்தியைக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

“கூப்பிடாதீங்க தம்பி. மொதல்ல ஃப்ளைட்டுல ஏறட்டும். அஞ்சு வருசமா அடுத்த பெருநாளு, அடுத்த பெருநாளுங்குறான்.”

“ராத்தா, எங்க உம்மா மவுத்துக்கு நான் அப்படித்தான் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரரு ஜூஸ் குடிச்சுக்கிட்டே எந்த ஊருன்னு கேட்டாரு. எனக்கு ஊர் பேரு வாயில வரலை. அது யாருக்கும் வேணாம்.”

அந்த அம்மா செல்லுக்காகக் கையை நீட்டினார். ஹாஜா மைதீன் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்திக் கொடுத்தார். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

“மாமா, எத்தனை மணிக்கு எடுக்குறீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

“நான்தாண்டா பேசுறேன். இன்னும் எடுக்கலை.”

அந்தப் பக்கம் விமான நிலையத்து அறிவிப்பு மட்டும் கேட்டது. பிறகு அழுகை, ஆண்பிள்ளை ஒருவன் கூட்டத்துக்கு நடுவே அடக்கிப் பார்த்து முடியாமல் போன அழுகை. மெஹராஜ் பேகம் செல்லைக் காதுக்கு இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டார். அழுது முடிந்ததும் அவன் கேட்டான்.

“இப்ப நான் என்ன பண்றது உம்மா? மெயிலைக் காட்டித்தான் லீவு வாங்கியிருக்கேன். மவுத்துக்குத்தான் ஒடனே லீவு குடுப்பாங்க. மிஸ்ரி மேனேஜரு, அந்த எகிப்துக்காரன், நாளைக்கு அந்த லிங்க்கைத் திறந்து பாப்பான்.”

“அவனுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது. தலைப்புல பேரும் தேதியும் இங்கிலீசுல இருக்கு. அதைப் பாப்பான்.”

“அப்ப ஒன் மேனேஜருக்கு நான் மவுத்தாவே இருந்துட்டுப் போறேன். நீ ஏறு.”

“அஸ்தக்ஃபிருல்லாஹ்,” என்றார் ஹாஜா மைதீன். “ராத்தா, தேதியெல்லாம் நான் இன்னைக்கே திருத்தணும். ஆளாளுக்குத் திட்டுறாங்க.”

“மத்தவங்களைத் திருத்துங்க. என்னை விட்ருங்க.”

“அது நீங்க இல்ல. தெற்குத் தெரு அம்மா.”

“அவ ஒண்ணும் கோச்சுக்க மாட்டா. அவளுக்கும் ரெண்டு மவன் வெளிநாட்டுலதான்.”

மஃரிப் தொழுதுவிட்டு வந்து மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மெயில் போகிற ஏற்பாட்டை முதலில் நிறுத்தினார். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினார். பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் இறந்த தேதிக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். ஜாஃபரின் வாப்பா, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், நடுத்தெரு இரட்டைப் பிள்ளைகளின் தாய். கமருன்னிஸா டீயை வைத்துவிட்டு, “முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடியலை,” என்றார். மெஹராஜ் பேகம் என்ற பெயரில் கை நின்றது. இருபது வருடமாக இந்தத் தளத்தில் தெரிந்தே ஒரு பொய்த் தேதி இருந்ததில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அந்தப் பெயரைத் தொடாமல், அதற்கு அடுத்தவரைத் திறந்தார்.