விசில் ஊதக் கூடாத ஆட்டம்

தை மாதக் கடைசி ஞாயிறு. காலை எட்டரைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. விடுமுறை நாட்களில் கபடி நடுவர். எழுமலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நடக்கும் பொங்கல் போட்டிக்காகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை.

என்னை அழைத்தவர் விழாக் கமிட்டித் தலைவர் பாண்டியராஜன். போனில் அவர் சொன்னது இது: "இந்தப் பக்கத்து நடுவர் யாரு வந்தாலும் ஒரு தெரு ஒத்துக்கிறும், இன்னொரு தெரு ஒத்துக்கிறாது மேடம். நீங்க தூரத்து ஆளு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பொம்பளையா வேற இருக்கீங்க. கை வைக்க மாட்டாய்ங்க" என்றார். பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமலே சரி என்றேன்.

செக்கானூரணி தாண்டியதும் நிலம் விரிந்தது. தென்னந்தோப்பு, பருத்தி, மறுபடி வெற்றுக் கரிசல், தூரத்தில் மேற்கு மலை. பத்து மணிக்கு உசிலம்பட்டி. அங்கிருந்து எழுமலை பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். எழுமலையில் ஒரு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் முருகேசனுக்கு நாற்பது வயதிருக்கும். ஊருக்குள் போகும்வரை வாய் ஓயாமல் பேசினார்.

"கபடிக்கா வாரீக? போன வருசம் அம்புட்டு அடிதடிக்கா. கோட்டுக்குள்ள ஆரம்பிச்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் போச்சு."

"எதனால் ஆரம்பித்தது?"

"கீழத்தெருக் குமாரு, மேலத்தெருச் செல்வத்தோட முழங்கால்ல மிதிச்சுட்டான். நடுவர் விசிலடிச்சதுக்கப்புறம் மிதிச்சான். கூட்டமும் விசிலடிச்சுச்சு. அம்புட்டுத்தான்."

ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியவர், அதற்கு மேல் வர மறுத்துவிட்டார். தான் எந்தத் தெரு வழியாக நுழைந்தாலும் அது பேச்சாகிவிடும் என்றார். ஐந்தரைக்கு அதே மரத்தடியில் நிற்பதாகச் சொல்லிப் போனார்.

ஊருக்குள் நடந்தேன். பண்டிகை நாள், ஆனால் ஒலிபெருக்கி இல்லை. டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் பேசவில்லை. பாண்டியராஜன் என்னைக் கமிட்டி அறைக்கு அழைத்துப்போய் ஒரு தாளைக் காட்டினார். அதிகாரிகள் முன்னிலையில் இரண்டு தெருவும் கையெழுத்திட்ட நிபந்தனைகள். கைதட்டக் கூடாது. கத்தக் கூடாது. எவரும் எழுந்து நிற்கக் கூடாது. கடைசி வரியில், நடுவர் விசில் ஊதக் கூடாது, கையை மட்டும் உயர்த்த வேண்டும் என்றிருந்தது.

"ஆளைப் பிடிச்சுக்கிட்டிருக்கறவன் என் கையையா பார்ப்பான்?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் எழுதியிருக்காக மேடம். இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் அனுமதி."

மூன்று மணிக்கு ஆட்டம். மைதானத்தின் நடுக்கோட்டைச் சுண்ணாம்பில் போட்டவர்கள் அதை ஆடுகளத்தோடு நிறுத்தவில்லை. அந்த வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் நீண்டு, பார்வையாளர்களுக்கு நடுவிலும் ஓடி, மைதானத்தின் விளிம்புவரை போயிருந்தது. இந்தப் பக்கம் மேலத்தெரு, அந்தப் பக்கம் கீழத்தெரு. ஓரத்தில் நான்கு காவலர்கள். சுற்றியிருந்த மாடிகளில் பெண்கள். எந்தத் தெரு என்பதன் அர்த்தத்தை நம் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மேலத்தெருவின் முன்வரிசையில் ஊன்றுகோலோடு ஒருவர் அமர்ந்திருந்தார். செல்வம் என்று பாண்டியராஜன் காதோடு சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. எத்தனையோ மைதானம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எழுநூறு பேராவது இருப்பார்கள். கேட்டதெல்லாம் பாடிப்போகிறவனின் 'கபடி கபடி'யும் மண்ணில் கால்கள் உரசும் சத்தமும் மட்டுந்தான். எலும்போடு எலும்பு மோதுவது இவ்வளவு உரக்கக் கேட்கும் என்று இருபது வருடம் நடுவராக இருந்தும் நான் அறிந்திருக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். கூட்டத்தின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தன் தெருக்காரன் பாடிப் போகும்போது அந்தப் பக்கம் முழுவதும், குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை, சத்தமில்லாமல் அவனோடு 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் குமார் பாடி வந்தான். இருபத்தைந்து வயது, மெலிந்த உடம்பு. மூலையில் நின்றவன் கணுக்காலைப் பிடிக்க, மற்ற மூவர் மேலே விழுந்தார்கள். குமாரின் பாட்டு நின்றது. கீழத்தெருவின் உதடுகளும் நின்றன. கையை உயர்த்தினேன்.

நால்வரும் எழவில்லை.

மறுபடி உயர்த்தினேன். "விடுங்க" என்றேன். ஒருவனின் முழங்கை குமாரின் கழுத்துக்குப் பின்னால் இருந்தது. முகம் மண்ணுக்குள் அழுந்தியிருந்தது. வெளியே நீண்டிருந்த கை தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டல் மெல்ல மெல்லக் குறைந்தது. கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. மாடிகளிலும் அசைவில்லை. காவலர்கள் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அமைதியாக இருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்திருப்பார்கள். செல்வத்தின் முகத்தில் கோபமே இல்லை. மழை வருமா என்று பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தட்டுவதை நிறுத்தியது.

கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து மூச்சுள்ள மட்டும் ஊதினேன்.

இரண்டு பக்கமும் எழுநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாண்டியராஜன் கண்களை மூடிக்கொண்டார். நான் ஊதுவதை நிறுத்தவில்லை. ஓடிப்போய் மேலே கிடந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன்போல என்னைப் பார்த்துவிட்டு விலகினான். மற்றவர்களும் எழுந்தார்கள். குமாரைப் புரட்டி வாயிலிருந்த மண்ணை விரலால் வழித்தேன். நெஞ்சு தூக்கிப் போட்டது. இருமினான். அந்த இருமல்தான் அன்று மைதானத்தில் கேட்ட ஒரே மனிதச் சத்தம்போல இருந்தது.

கோட்டை யாரும் தாண்டவில்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டதாக அறிவித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்து மணிக்குப் பையை எடுக்கப் போனபோது செல்வம் அறை வாசலில் நின்றார். ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

"நல்லா நடத்துனீங்க மேடம். ஊதாம மட்டும் இருந்திருக்கலாம்."

"ஊதலன்னா அவர் செத்திருப்பார்."

"ஆமா" என்றார், அவ்வளவு மரியாதையாக. "ஆட்டத்துல செத்தா கேசு நிக்காதுன்னாக."

யார் சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாட்டிலை அவரிடமே கொடுத்துவிட்டு நடந்தேன். நுழைவுச் சாலையில் நின்ற காவல் ஆய்வாளரிடம் செல்வம் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நான் அதில் கையெழுத்திட்டேன். "குமார் இன்னைக்கே வெளியூர் போறான் மேடம், நாங்களே ஏத்திவிடுறோம்" என்றார். வேப்பமரத்தடியில் முருகேசன் காத்திருந்தார். எழுமலையில் இறக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை என் கல்லூரி மைதானம். பெண்கள் அணிக்குப் பயிற்சி. வழக்கம்போல, "நீங்களே ரெண்டு டீமா பிரிஞ்சுக்கங்கம்மா" என்றேன். சண்டை சச்சரவில்லாமல் அரை நிமிடத்தில் பிரிந்து நின்றார்கள். பதினாறு வருடமாக அந்த வேகத்தை நான் ஒழுக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்று வருகைப் பதிவேட்டை விரித்து, ஒவ்வொருத்தியின் ஊரையும் தெருவையும் பார்த்தேன். தெருப் பார்த்துத்தான் பிரிந்திருந்தார்கள்; ஒரு பெயர்கூட இடம் மாறியிருக்கவில்லை.

எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து, ஒன்று இரண்டு என்று எண்ணிப் பிரித்தேன். ஒருத்தியும் மறுக்கவில்லை. ஆனால் அன்று பயிற்சி முடியும்வரை யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.