வால் பக்கத்துத் தரை

மகள் தர்ஷினி டுபாயிலிருந்து கூப்பிட்டபோது நான் வேலையில் இருந்தேன். என் வேலைத்தளம் பதுளையில் எங்கள் வீட்டு முன்னறைதான். ஒரு மேசை, இரண்டு திரைகள், மழை பெய்தால் அறுந்துபோகும் இணைய இணைப்பு. பகல் சாப்பாட்டு நேரம். கைபேசியில் அவள் முகம் தெரிந்ததும் அவள் முதலில் கேட்டது இதுதான்:

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா? இல்லைன்னா மட்டும் சொல்றேன்."

என் மனைவி சாந்தி ஆஸ்பத்திரியில் தாதி. காலை டியூட்டி முடிந்து இன்னும் வரவில்லை என்றேன். தர்ஷினி சொல்லத் தொடங்கினாள். அவள் ஒரு சிறிய தனியார் ஜெட் விமானத்தில் பணிப்பெண். பணக்காரர்களும் கம்பெனித் தலைவர்களும் வாடகைக்கு எடுக்கும் விமானம் அது. முந்தின நாள் நடுவானில் அது திடீரென்று மூக்கைத் தூக்கியிருக்கிறது. இவள் பின்பக்கம் நின்றிருக்கிறாள். விழுந்து, அலுமாரி விளிம்பில் விலா அடிபட்டிருக்கிறது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாக விலாவுக்குப் போனது.

"ஸ்பீடு லிமிட்ட தாண்டிருச்சாம். சிஸ்டம் சூப்பரா வேலை செஞ்சிச்சுன்னு கெப்டன் வந்து சொன்னாரு. உங்க சிஸ்டம்தான் அப்பா."

அந்தப் பேச்சு நடந்து மாதங்கள் போய்விட்டன. இப்போதும் பகல் வேளையில் கைபேசி அடித்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எடுக்கிறேன். இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்கு உதவும் என்று நினைத்து நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஏழரை

நான் ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். படித்துப் பொறியியலாளரான பின் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டு விமானத் தயாரிப்பாளர்கள் செய்யும் சோதனைகளைச் சரிபார்த்துக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் தொழில். சில வருடங்களாக வீட்டிலிருந்தே வேலை. பஸாரில் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் என்னைக் கண்டால் விடமாட்டார். "என்ன சேர், இன்னைக்கு எத்தன பிளேன் உங்க வூட்டு வாசல்ல எறங்கிச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் சாமானை நிறுப்பார்.

என் கையில் இருந்தது ஹை ஸ்பீட் புரொடெக்ஷன் என்ற தானியங்கி வேகக் காப்பு. ஒவ்வொரு விமானத்துக்கும் தாண்டக் கூடாத வேகம் ஒன்று உண்டு. காற்று மாறினாலோ மூக்கு தாழ்ந்தாலோ வேகம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அப்போது விமானியைக் கேட்காமலே கணினி மூக்கைத் தூக்கும், வேகம் குறையும். விமானி எதிர்ப்பக்கம் தள்ளினாலும் ஓர் அளவுக்கு மேல் அது விட்டுக்கொடுக்காது.

இதற்குச் சான்று வாங்குவது ஏன் கடினம் என்று பலர் கேட்பார்கள். வேகத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்பதால், விமானத்தின் உடம்பைக் கொஞ்சம் குறைந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டு இலேசாகக் கட்டலாம். ஆகவே அந்தக் கணினி பழுதானால் இரும்பும் அலுமினியமும் தனியே தாங்க வேண்டிவரும். அதனால்தான் சான்றளிக்கும் அதிகாரிகள் வழக்கமான விதிகளுக்கு மேல் தனி நிபந்தனைகள் போடுகிறார்கள். அதில் முக்கியமான ஒன்று, காப்பு வேலை செய்யாமல் போனால் அது விமானிக்குத் தெரிய வேண்டும் என்பது. வேலை செய்யாத காப்பை இருப்பதாக நம்பிப் பறப்பதைவிட, இல்லை என்று தெரிந்து மெதுவாகப் பறப்பது மேல்.

சோதனைகளில் ஒன்றில் விமானத்தை ஏழரை டிகிரி சரிவில் இறக்க வேண்டும். எங்கள் குழுவில் அந்தச் சோதனைக்குப் பெயரே ஏழரை. "லோகநாதன் சேருக்கு ஏழரை நடக்குது, தொந்தரவு பண்ணாதீங்க" என்பார்கள். அந்த வரைபடங்களை நான் வரி வரியாகப் பார்த்தவன். வேகம் எங்கே நின்றது, இறக்கையில் எவ்வளவு பாரம் ஏறியது, விமானியின் இருக்கையில் எவ்வளவு அழுத்தம் வந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

தர்ஷினிக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்தபோது, இந்த விமானம் வைத்திருக்கும் கம்பெனிக்குப் போ என்று சொன்னதும் நான்தான். எனக்குத் தெரிந்த விமானம். பயமில்லாமல் அனுப்பலாம் என்று நினைத்தேன்.

விலா

சாந்தியிடம் மறைக்க முடியவில்லை. அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, மகளைக் கூப்பிட்டுவிட்டாள். திட்டவில்லை. கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு வார்டில் பேசுவதுபோலவே பேசினாள். மூச்சை இழு, இன்னும் இழு, இருமு, எங்கே வலிக்குது காட்டு என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியில் எலும்பு வெடித்திருக்கலாம் என்று, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள்.

தர்ஷினி மறுத்துவிட்டாள். எக்ஸ்ரே என்றால் கம்பெனி டொக்டர். அவர் பறக்கக் கூடாது என்று எழுதுவார். அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். இரண்டே விமானம் வைத்திருக்கும் சின்ன இடம் அது. அடிபட்டவளை வைத்துக்கொண்டு காத்திருக்கமாட்டார்கள். அந்த வேலைக்காக அவள் எத்தனை நேர்முகங்களில் நின்றாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

"அப்பா, ஆபீஸ்ல சொல்லிராதீங்க. நீங்க ஒரு வரி எழுதினாலும் அது நான்தான்னு தெரிஞ்சிரும். வேலை போயிரும்."

சொல்லமாட்டேன் என்றேன். அழைப்பு முடிந்த பிறகு, சிஸ்டம் நல்லா வேலை செஞ்சுதுன்னு கெப்டன் எப்படிச் சொல்லலாம் என்று சாந்தி என்னிடம் கேட்டாள். அவர் சொன்னது சரிதான், எல்லைக்குள்தான் இருந்திருக்கும் என்று நான் விளக்கப் போனேன்.

"பஸ்ஸுல சடன் பிரேக் போட்டாலும் டிரைவர் செஞ்சது சரிதாங்க. சீட்டுல இருக்கறவன் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவான். நின்னுக்கிட்டு வந்தவதான் எங்க வார்டுக்கு வருவா."

சொல்லிவிட்டு அவள் சோறு போடப் போய்விட்டாள். நான் திரைக்கு முன் உட்கார்ந்து ஏழரையின் வரைபடங்களை மறுபடி திறந்தேன். அளவுகள் எடுத்த இடங்கள் இரண்டு: விமானத்தின் நடுவில் எடை சமமாக நிற்கும் பாரமையம், விமானியின் இருக்கை. வால் பக்கத்துத் தரையில் எதுவும் இல்லை. இத்தனை காலம் விமானியறைக் கதவுக்குப் பின்னால் ஆளே இல்லாத விமானத்தைத்தான் நான் பறக்கவிட்டுக் கொண்டிருந்தேன்.

ஏன் இப்போது

அந்த நாட்களில் அதே விமானத்தின் புதிய மென்பொருள் எங்களிடம் மீளாய்வுக்கு வந்திருந்தது. கையொப்பத்துக்குச் சில வாரங்களே இருந்தன. சம்பவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பின் கேபின் தரையின் அளவுகளும் வேண்டும் என்று ஒரு கேள்வி மட்டும் போட்டேன். எங்கள் மேலாளர் ரமணன் உடனே அழைத்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் எங்கள் தொழிலில் கடைசி நேரக் கேள்வி யாருக்கும் பிடிக்காது.

"லோகா, நம்மகிட்ட கேட்டது ஸ்பீடு நிக்குதா, இறக்கை தாங்குதா, அவ்வளவுதான். கேபின்ல யார் நிக்கிறாங்கன்னு யாரும் கேட்கல. நீங்களும் இத்தன நாள் கேட்கல. ஏன் இப்ப?"

எனக்குப் பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை. பொதுவான அக்கறை என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் கேள்வியைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினார். அவர்களிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. வேகம் எல்லையைத் தாண்டுவது அரிது. அந்த நேரத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவருக்குக் காயம் ஏற்பட்டதாக இதுவரை ஓர் அறிக்கையும் வரவில்லை. சேவையிலிருந்து ஆதாரம் வந்தால் பார்க்கலாம். கேள்வி மூடப்பட்டது.

ஆதாரம் என் மகளின் விலாவில் இருந்தது.

பெயர் போடாமல் ஒரு மின்னஞ்சல் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். வேகம் எல்லையைத் தாண்டியது விமானத்தின் கணினியில் பதிவாகியிருக்கும். அன்று அதில் இருந்த பணிப்பெண் ஒருத்திதான். அவளுடைய வேலை போவது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அனுப்பினால் இனி அவள் எனக்கு எதையும் சொல்லமாட்டாள். தூரத்தில் இருக்கும் பிள்ளை விழுந்ததைச் சொல்லாமல் விட்டால், அவள் நன்றாக இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு நான் இங்கே தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன். பழுதானதைச் சொல்லாத காப்பு எவ்வளவு ஆபத்து என்று மற்றவர்களுக்கு எழுதிக் கொடுப்பவன் நான். மின்னஞ்சலை அனுப்பவில்லை.

ஒரு கை சுவரில்

அவளையே கூப்பிட்டேன். எங்கே நின்றாய், எந்தப் பக்கம் பார்த்து நின்றாய் என்று கேட்டேன். பயணி ஒருவரின் கோட்டைப் பின்னால் அலுமாரியில் மாட்டிக்கொண்டிருந்தாளாம்.

"முதல்ல காலு லேசாயிருச்சு அப்பா. அப்புறம் தரை வந்து அடிச்ச மாதிரி."

அது எனக்குப் புரிந்தது. ஒரு தாளில் விமானத்தை வரைந்து கமராவில் காட்டினேன். மூக்கு மேலே போக வேண்டுமென்றால் வால் முதலில் கீழே போக வேண்டும். பின்னால் நிற்பவளின் காலடியில் தரை நழுவும். பிறகு விமானம் முழுவதும் மேலே எழும்பும்போது அதே தரை திரும்பி வரும். அன்றைய காற்றின் குலுக்கலும் அதோடு சேர்ந்திருக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருக்கையில் அமுக்கியது போல மட்டும் இருந்திருக்கும்.

"அப்ப கெப்டன் பொய் சொல்லல?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பிறகு, தனக்கு முன் அந்த வேலையில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது கோப்பைகள் எங்கே, போர்வைகள் எங்கே என்று காட்டியவள், பின்னால் போனால் எப்போதும் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறாள். காரணம் சொல்லவில்லை. அவளுக்கும் முன்னால் இருந்தவள் சொன்னதாம். தர்ஷினி அதை வேலைப் பழக்கம் என்று நினைத்து, சில நாள் செய்து, பிறகு மறந்துவிட்டாள்.

அந்தப் பெண்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. யாராவது ஒருத்தி விழுந்திருக்கிறாள். அவளும் வேலைக்குப் பயந்து மேலே சொல்லவில்லை. அடுத்தவளிடம் மட்டும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அறிக்கை ஒன்றும் இல்லை என்று தயாரிப்பாளர் எழுதியதும் உண்மைதான்.

"நானும் அடுத்து வர்றவகிட்ட அதையேதான் சொல்லிட்டு வருவேன், இல்லப்பா?" என்றாள். பிறகு, "நானே எழுதுறேன். நீங்க எழுதாதீங்க. நீங்க எழுதினா அப்பா எழுதினதா ஆயிரும்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கேள்விக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேண்டாம் என்ற சொல்தான். ஒப்பந்தம் முடியட்டும், ஒரு மாதம் பொறு என்று கெஞ்சினேன்.

"அந்த ஒரு மாசம் பின்னால யாரு நிப்பா? நான்தானே?"

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தாள். சாந்தி சொன்னதுபோல எலும்பில் வெடிப்பு. அறிக்கையும் எழுதிக் கம்பெனியில் கொடுத்தாள்.

பிறகு

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அறிக்கைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கை முடித்து, நல்ல சான்றிதழும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அவள் பதுளைக்கு வந்த நாளில் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரமணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில், புள்ளைக்கு இப்ப எப்படி என்று கேட்டார். அதன் பிறகு அந்த மீளாய்விலிருந்து என்னை விலக்கினார். அறிக்கை எழுதியது என் மகள் என்னும்போது நான் கையொப்பமிடக் கூடாது. அது சரியான முடிவு. வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

அவளுடைய அறிக்கை தயாரிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்ததும் மூடிய கேள்வி திறக்கப்பட்டது. தயாரிப்பாளர் மற்றக் கம்பெனிகளின் பணிப்பெண்களை நேரடியாகக் கேட்டபோது, விழுந்தவர்கள் வேறு சிலரும் இருந்தது தெரிந்தது. புதிய மென்பொருளில் மூக்கு எழும்பும் தொடக்கம் கொஞ்சம் மென்மையானது. வேக எச்சரிக்கை விமானியறையில் ஒலிக்கும்போதே கேபினிலும் மணியடித்து, இருக்கைப் பட்டி விளக்கு எரியும்படி செய்தார்கள். சோதனை அளவுகளில் வால் பக்கத்துத் தரையும் சேர்ந்தது.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு காப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது, அது வேலை செய்யும் அந்தக் கணத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். அறிக்கை இல்லை என்று பதில் வந்தால், அறிக்கை எழுதுபவருக்கு என்ன நடக்கும் என்று அடுத்ததாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்வி எந்த நிபந்தனையிலும் எழுதப்பட்டிருக்காது.

போன வாரம் தர்ஷினிக்கு வேறொரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அதே விமானம், புதிய மென்பொருள். போவதா என்று என்னைக் கேட்கவில்லை. இப்போது நின்றால் விழமாட்டார்களா என்று மட்டும் கேட்டாள். அப்பாவாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, வரைபடத்தில் இருந்ததைச் சொன்னேன்.

"புடிச்சிக்கிட்டு நின்னா விழமாட்டாங்க. புடிக்காம நின்னா என்னால சொல்ல முடியாது."

அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு சம்மதம் என்று பதில் எழுத உட்கார்ந்தாள்.