அம்மா தெரிந்தெடுத்த இங்கிலாந்து வீடு

தொலைபேசியில் முதலில் கேட்டது ஒரு புறாவின் குரல். பெரியம்மா ஓர் ஆங்கிலக் கிராமத்து வீட்டின் பின்கதவைத் திறந்து வீடியோவில் எங்களுக்குத் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புறா விட்டு விட்டுக் கூவியதைத் தவிர அங்கே வேறொரு சத்தமும் இல்லை. எங்கள் பக்கத்திலோ, இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்கிற பகுதியில், உருளைக்கிழங்கும் வெங்காயமும் விற்கிற வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தான். மேல்மாடிப் பெண் பால்கனியில் நின்று தெருவில் விளையாடிய மகனைச் சாப்பிடக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். "என்னடி தங்கச்சி, அங்கை என்ன சண்டையே?" என்று பெரியம்மா கேட்டார். போன கோடைவரை அதே வண்டிக்காரனுடன் அதே தெருவில் அதைவிடப் பெரிய குரலில் பேரம் பேசியவர் அவர்தான். எனக்கு அப்போது பத்து வயது. பற்றிக்கொண்டு வந்தது.

பெரியம்மா என் அம்மாவின் ஒரே அக்கா. இரண்டு குடும்பமும் சீசாவில் ஒரே வீட்டில்தான் இருந்தோம்: சமைக்க ஒரே குசினி, ஒரே குளியலறை, பெரியவர்களுக்கு ஆளுக்கோர் அறை, நானும் பெரியம்மாவின் மகள் கீர்த்தனாவும் கூடத்தில் இழுத்து விரிக்கிற சோபாவில். இலங்கையிலிருந்து வந்து இத்தாலிப் பாஸ்போர்ட் கையில் கிடைத்த எங்கள் ஆட்கள் "பிள்ளையளின்ரை இங்கிலீசுக்காக" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு குடும்பமாக இங்கிலாந்துக்கு விமானம் ஏறிய காலம் அது. எங்கள் இரு குடும்பத்துக்கும் பாஸ்போர்ட் கிடைத்தது. பெரியப்பா போனார். அப்பா போகவில்லை.

அப்பா பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற வயதான ஓர் இத்தாலிய அம்மையாரின் வீட்டில் வேலை பார்த்தார். அவரைக் குளிப்பாட்ட ஒரு பெண் வந்து போவாள். சமையல், கடை, மருந்து, மாலையில் கையைப் பிடித்து நடக்கக் கூட்டிப்போவது எல்லாம் அப்பா. அப்பா பலெர்மோவுக்கு வந்த புதிதில் அவருடைய வதிவிட அனுமதிக்காக வேலை தந்ததாகக் கையெழுத்திட்டவர் இந்த சிஞ்ஞோராதான். "அந்த மனுசி இல்லாட்டில் எனக்குப் பெர்மெஸ்ஸோவும் இல்லை, நீங்களும் இஞ்சை இல்லை. அது கண்மூடுமட்டும் நான் அசைய மாட்டன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அதற்கு மறுத்துப் பேசவில்லை. சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது, மிஞ்சிப்போனால் ஓரிரு வருடங்கள், பிறகு நாங்களும் போய் அக்காவுடன் இருந்து, பக்கத்திலேயே ஒரு வீடு பார்க்கலாம் என்பது அவருடைய கணக்கு.

லண்டனில் வீடு வாங்க வழியில்லாமல், பெரியப்பா வேலை கிடைத்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ஒரு தேவாலயமும் ஒரு குளமும் செம்மறி மேய்கிற வயல்களும் மட்டும் உள்ள கிராமமொன்றில் வீடு தேடத் தொடங்கினார். ஒவ்வொரு வீட்டையும் அம்மாவும் தொலைபேசித் திரையில் சேர்ந்தே பார்த்தார். பெரியம்மா கைத்தொலைபேசியின் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வாசலில் சுற்றிச் சுற்றி நிற்பார். வீட்டு ஏஜென்ட் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து நிலத்தில் தேடுவான். தெற்குப் பார்த்த வாசல் என்றால் உள்ளே போகாமலே திரும்பிவிடுவார்கள். ஒருநாள், கிழக்கு வாசலும் பின்னால் ஒரு பேரிக்காய் மரமுமாக ஒரு செங்கல் வீடு வந்தது. அம்மா திரையில் விரலை வைத்து அழுத்தி, "அக்கா, இதை எடுங்கோ. வேறை ஒண்டும் பாக்காதேங்கோ" என்றார். படிக்கட்டின் கீழே இருந்த சிறிய இடத்தைச் சாமி அறையாக்கலாம் என்று பெரியம்மா சொன்னபோது, "தலைக்கு மேலாலை நடப்பினம், அங்கை வேண்டாம்" என்று தடுத்து, மேல்மாடியில் சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலுமாரியைச் சாமிக்கு ஒதுக்கியதும் அம்மாதான். முருகனுக்குக் குளிராது என்று சமாதானமும் சொன்னார்.

நாங்கள் "குடிபூரல்" என்று சொல்கிற புதுமனை புகுதலன்று, பெரியம்மா புது அடுப்பில் பால் காய்ச்ச, அம்மா சீசாவின் குசினியில் பட்டுச் சேலை கட்டி நின்றுகொண்டு தொலைபேசிவழியே நடத்தி வைத்தார். "வழியட்டும் அக்கா, அடுப்பைக் குறைக்காதேங்கோ, நல்லாய் வழியட்டும்!" பால் பொங்கி வழிந்தது, சூடான அடுப்பில் கருகிப் புகைந்தது, கூரையிலிருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரைமேல் ஏறித் துவாயால் விசிறினார். அந்த அமைதியான தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீட்டுச் செருப்போடு ஓடிவந்த பக்கத்து வீட்டுக் கிழவர், வாசலில் உடைந்து கிடந்த தேங்காயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இத்தனைக்கும் நடுவில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "பால் கிழக்காலையோ வழிஞ்சது?" "ஓமடி, கிழக்காலைதான்!" என்று பெரியம்மா அலாரத்துக்கு மேலால் கத்தினார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். தன் வீட்டுப் பால் பொங்கியதுபோல முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கோ அந்த அலாரத்தின்மேல்கூடப் பொறாமையாக இருந்தது, அப்படியொன்று எங்கள் கூரையில் இல்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டைப் பார்த்தேன். மாடிப்படியில் எந்தப் பலகை கிறீச்சிடும், எந்த யன்னலில் காலை வெயில் விழும், பேரிக்காய் எப்போது பழுக்கும் எல்லாம் எனக்குத் தெரியும். கீர்த்தனா தன் அறைக் கதவை, தன் ஒருத்திக்கே உரிய கதவை, எனக்குக் காட்டுவதற்காகவே சாத்திச் சாத்தித் திறப்பாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை கேட்ட கட்டுரைகளிலெல்லாம் நான் அந்தக் கிராமத்தில்தான் வாழ்ந்தேன். மாலையில் அப்பா வந்து, "சிஞ்ஞோரா இண்டைக்கு நல்லாய் நடந்தா" என்று சந்தோசமாகச் சொல்லும்போது, நாங்கள் போகிற நாள் இன்னும் தள்ளிப்போகிறதென்று எனக்கு எரிச்சல் வரும்.

சிஞ்ஞோரா தொண்ணூறையும் தாண்டினார். அதற்குள் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்து, எங்கள் பாஸ்போர்ட்டோடு போய்க் குடியிருக்கிற வழியை அடைத்துவிட்டது. அதற்குப் பிந்திய மாரியில்தான் அவர் கண்மூடினார். அப்பா பிள்ளைபோல அழுதார். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, செத்த வீட்டுக்குப் போட அவருடைய கறுப்புச் சட்டையை அழுத்தி மினுக்கி வைத்தார்.

சுற்றிப் பார்க்கப் போவதற்குத் தடையிருக்கவில்லை. பெரியம்மா கோடைதோறும் கூப்பிட்டார். அம்மா கோடைதோறும் போகாமலிருக்க ஒரு சாட்டுச் சொன்னார். ஒருமுறை நான் அழுது கேட்டபோதுதான், "நான் பாத்து எடுத்த வீட்டிலை நான் விருந்தாளியாய்ப் போய்ப் படுக்கிறதே?" என்று சீறினார். பொறாமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அம்மா மேல் எனக்கு எப்போதும் இல்லாத ஒட்டுதல் வந்தது.

இப்போது நான் வேலை பார்க்கிறேன். பலெர்மோவிலேயே ஒரேத்தோ பகுதியில் எங்களுக்கு மட்டுமான வாடகை வீடு, எனக்கும் ஒரு கதவு உண்டு. சீசாவில் இருந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். நாங்கள் தமிழ் படித்த சனிக்கிழமை வகுப்பு பிள்ளைகள் இல்லாமல் நின்றுவிட்டது. அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். போன மாதம் கீர்த்தனா தொலைபேசி எடுத்தாள். வேறு ஏதேதோ கதைத்துவிட்டு, போகிற போக்கில், "வீட்டை வித்திட்டம். லண்டனுக்குப் போறம். அங்கை ஒரு பஸ்கூட ஒழுங்காய் இல்லையடி, அப்பாவுக்கும் ஏலாது, விசர் பிடிக்குது" என்றாள். யாரோ என் வீட்டை என்னைக் கேளாமல் விற்றுவிட்டதுபோல எனக்கு இருந்தது. அவளைத் திட்டியிருப்பேன், எந்த உரிமையில் என்று தெரியாததால் "அப்படியோ" என்று வைத்துவிட்டேன்.

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடமும் அப்பாவிடமும் போய்ச் சொன்னேன். அம்மா கையிலிருந்த சோற்றைத் திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். பிறகு, இத்தனை வருடமும் பக்கத்திலிருந்தும் ஒருநாளும் சொல்லாததை, அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அக்காவுக்கு அந்த வீட்டிலை இருக்கத் தெரியேல்லை. நான் இருந்திருப்பன்."

அப்பா நிமிரவில்லை. கோப்பையைப் பார்த்தபடியே, "ஓம்" என்றார். "நீ இருந்திருப்பாய்."