ஏழு மாதப் பரிசல்

கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் போகும் சந்து ஒன்றில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், உட்கார ஒரு பெஞ்சு. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பாஸ்போர்ட், முதியோர் பென்ஷன், கல்லூரி விண்ணப்பம் என்று ஆன்லைனில் நிரப்ப வேண்டியதையெல்லாம் நிரப்பிக் கொடுப்பேன். பத்து வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்தால் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். ஒரு கட்டம் அடம்பிடித்தால் அதற்குள் எதைப் போட்டால் அடுத்த பக்கம் திறக்கும் என்று விரலுக்கே தெரியும். அந்தப் பழக்கம்தான் என்னை ஒருநாள் வாடிப்பட்டிப் பக்கத்துக் கண்மாய்க்கரை வரை கொண்டுபோய் நிறுத்தியது.

ஆவணி மாதம். கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஒரு பெண் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தாமரையைப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். முழங்கைவரை கோடுகோடாகக் கீறல்கள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "தாமரைத் தண்டுல முள்ளு இருக்கும்மா. தண்ணிக்குள்ள தெரியாது" என்றார்.

அவர் ஊர்க் கண்மாயில் பரிசலில் போய்த் தாமரை பறிப்பவர். பரிசலைக் கட்டுவதும் அவர்தான். கணவர் மில் வேலைக்குப் போகிறவர். கணவரின் தம்பி மூங்கில் பிளந்து கொடுப்பார், இவர் பின்னுவார். தாமரையைப் படம் எடுக்க வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, பழைய சிறு படகுகளைக் காப்பாற்ற ஏதோ அறக்கட்டளை பணம் தருகிறது என்று செல்போனில் ஒரு லிங்க்கை அனுப்பியிருக்கிறாள். அதைத் திறந்தால் முழுக்க ஆங்கிலம்.

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எழுதிப் போடும்மா" என்றார்.

எழுத ஆரம்பித்தோம். படகின் பெயர் கேட்டது. "பேரா? பரிசல்னே போடு." நீளம் கேட்டது, அகலம் கேட்டது. இரண்டுக்கும் ஒரே அளவுதான் என்றார். பதிவு எண் கட்டத்தை வெறுமையாக விட்டால் சிவப்பாக எரிந்தது. பூஜ்யம் போட்டேன், ஒத்துக்கொண்டது. முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாகப் புகைப்படம் கேட்டது. அவர் போனில் இருந்த ஒரே படத்தை இரண்டு இடத்திலும் ஏற்றினேன். இருவரும் சிரித்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு, கட்டப்பட்ட ஆண்டு.

"போன தைக்குக் கட்டுனது. ஏழு மாசம் ஆச்சு" என்றார்.

ஏழு மாதத்தை அந்தக் கட்டம் ஏற்கவில்லை. குறைந்தது ஐம்பது வருடப் பழைய படகாக இருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி வந்தது. அதை நான் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. "உங்க வீட்டுல எம்புட்டு வருஷமாக்கா பரிசல் ஓட்டுறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்க மாமனாரு காலத்துல இருந்து. அறுவது வருசம் இருக்கும்."

அறுபதைக் கழித்து வந்த ஆண்டைப் போட்டேன். பக்கம் திறந்துகொண்டது. அவருக்கு இமெயில் இல்லாததால் கடை இமெயிலையே கொடுத்தேன். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு தாமரைகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசிக் கடைசியில் பதில் வந்தது. முதல் பட்டியலில் தேர்வாகியிருக்கிறது, இத்தனை பழமையான பரிசல் இதுவரை எங்கள் பார்வைக்கு வந்ததில்லை, நேரில் பார்க்க வருகிறோம், அதற்குமுன் பழைய மூங்கில் பாகங்கள் தெரியும்படி புகைப்படங்கள் அனுப்பவும். படித்ததும் மெயிலை மூடிவிட்டேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கணவர் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"போன்ல சொல்லாத. நேர்ல போய் சொல்லு" என்றார்.

மறுநாள் கடையைத் திறக்காமல் விடியும்போதே வாடிப்பட்டி பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கண்மாய்க்கரையில் இறங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். மழை தொடங்கியிருந்ததாலும் கால்வாயில் தண்ணீர் வந்ததாலும் கண்மாய் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. தாமரை இலைகளுக்கு நடுவே அவர் பரிசலில் இருந்தார். ஒரு கையால் துடுப்பை வளைத்துப் போட்டு, மறுகையால் பூவின் கழுத்தைப் பிடித்துச் சுண்டி இழுத்தார். பரிசல் மெல்லச் சுற்றி அடுத்த பூவுக்குப் போனது. சற்றுத் தள்ளி வேறு இரண்டு பெண்கள் லாரி டியூப்பில் வயிற்றை அழுத்திப் படுத்தபடி, நெஞ்சுவரை தண்ணீரில் நனைந்து பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

கரைக்கு வந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "என்னம்மா, காசு வந்திருச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பூக்களைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே கேட்டார். சொல்லி முடித்த பிறகும் அடுக்குவதை நிறுத்தவில்லை. மூங்கில் பிளக்கும் கொழுந்தனாரும் அங்கே நின்றிருந்தார்.

"நான் ஏழு மாசம்னுதானே சொன்னேன்" என்றார் கடைசியில்.

"ஆமாக்கா."

"பொய் எழுதுன்னு நான் கேட்டனா?"

"இல்லக்கா. நான்தான்."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போடவில்லை. கொழுந்தனார்தான் நடுவில் வந்தார். "விடுங்க மதினி. பக்கத்து ஊர்ல ஒடஞ்ச பரிசல் ஒண்ணு மாட்டுக்கொட்டகையில கெடக்கு. அதத் தூக்கியாந்து வச்சிருவோம். பட்டணத்துல இருந்து வாரவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"ஒடஞ்ச பரிசல்ல ஏறுனா முங்கிருவோம். அதப் போயி பெருமையாக் காட்டச் சொல்றீகளா?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு வருசத்துல மூங்கில் நைஞ்சுபோகும்மா. பிரிச்சு அடுப்புல வச்சுட்டு வேற கட்டணும். எங்க மாமனாரு அப்படித்தான் செஞ்சாரு, நாங்களும் அப்படித்தான். அறுவது வருசப் பரிசல்னு ஒண்ணு எங்கயுமே இருக்காது. இத அவுகளுக்கு எழுதிப் போடு. நீ செஞ்சதையும் சேத்து எழுது."

எழுத வேண்டியதை எழுத எனக்கு ஒரு பகல் பிடித்தது. விண்ணப்பதாரர் உண்மையைத்தான் சொன்னார், வயதை மாற்றிப் போட்டது நான், அதை அவருக்குத் தெரிவிக்காததும் நான் என்று முதல் பத்தி. பிறகு பரிசலைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். அனுப்புவதற்குமுன் போனில் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "டியூப்புல போற பொம்பளைகளையும் எழுது" என்றார். தண்ணீருக்குள் கொடி காலைச் சுற்றிக்கொள்ளும், பாம்பு வரும், மாதத்தில் அந்த நாட்களிலும் நனைந்துகொண்டே நிற்க வேண்டும், பரிசல் இருந்தால் நனையாமல் பறிக்கலாம், ஆனால் மூங்கில் வாங்க அவர்களிடம் வழியில்லை. எனக்குப் பணம் தந்தால் காட்சிக்கு வைப்பதுபோல என் பரிசலைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்ட மாட்டேன், அவர்களுக்கும் கட்டித் தருவேன் என்றார். அவர் சொல்லச் சொல்ல அப்படியே சேர்த்தேன். அனுப்பினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அந்த அறக்கட்டளையிலிருந்து ஒருவர் போன் செய்தார். அந்த மெயில்களை அனுப்புபவர் அவர்தானாம். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அடுத்த பரிசல் எப்போ கட்டுவாங்க?" என்று கேட்டார்.

"தை பிறந்ததும், சார்."

"அப்போ வரேன். கட்டுறதைப் பார்க்கணும்."

சொன்னபடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி, தோளில் பை. என்னையும் வரச் சொல்லியிருந்ததால் போயிருந்தேன். ஒரு வாரம் கண்மாயில் ஊறப்போட்ட மூங்கிலைக் கொழுந்தனார் பிளாச்சுப் பிளாச்சாகப் பிளந்து கொடுத்தார். அந்த அக்கா தரையில் உட்கார்ந்து அடிப்பாகத்தைப் பின்னினார். பின்னல் எழும்பாமல் இருக்க நடுவில் பெரிய கல்லைத் தூக்கி வைத்தார்கள். ஓரங்களை வளைத்துக் கட்டும்போது இரண்டு டியூப் பெண்களும் வந்து பிடித்துக்கொண்டார்கள். அந்த சார் காலையில் நின்று பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்து பார்த்தார், மதியத்துக்குமேல் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் ஓரத்தைப் பிடித்தார். கட்டி முடித்ததைக் கவிழ்த்து, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, தார் பூசிக் காயவைத்தார்கள்.

சாயங்காலம் அவரைப் பழைய பரிசலில் ஏற்றினார்கள். நீச்சல் தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும், "இதுக்கு முன்பக்கம் எதுங்க?" என்று அவர் கேட்டது கரையில் எங்கள் காதில் விழுந்தது.

"நான் உக்காந்து துடுப்பு போடுற பக்கம்தான் முன்பக்கம். நான் அந்தப் பக்கம் மாறி உக்காந்தா அதுதான் முன்பக்கம்" என்றார் அக்கா. அந்த சார் அதைக் குறித்துக்கொள்ளப் பையைத் தேடினார். பை கரையில் என்னிடம் இருந்தது.

போகும்போது அவர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. நிதிக்கான விதி அப்படி இருக்கிறது, பேசிப் பார்க்கிறேன் என்றார். பங்குனியில் கடிதம் வந்தது. பழைய படகுகளுக்கான நிதியில் இந்த விண்ணப்பத்தைச் சேர்க்க இயலவில்லை, வருந்துகிறோம். அதைப் படித்துச் சொன்னபோது அக்கா, "சரிம்மா. உள்ளதச் சொல்லிட்டோம்ல" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் என்மேல் இருந்த வருத்தம் அதில் இல்லை என்று தோன்றியது. அன்றிலிருந்துதான் அவர் மார்க்கெட்டுக்கு வரும் நாட்களில் கடைக்கும் வந்து டீ குடித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

வைகாசியில் அந்த சாரே மறுபடி போன் செய்தார். படகு கட்டுகிறவர்களுக்கும் பயன்படுத்துகிறவர்களுக்கும் என்று வேறொரு சிறிய நிதி இருக்கிறதாம். அதற்குத் தன் அறிக்கையை வைத்துப் பேசியிருக்கிறார். முதலில் கேட்டதில் பாதிகூட வராது, சம்மதமா என்று கேட்டார். அக்கா அன்று கடையில்தான் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மூங்கிலுக்கும் தாருக்கும் ஆகுமா சார்?"

"ஆகும்மா. சின்னதா ஒரு கொட்டகையும் போடலாம்."

"அப்ப சம்மதம்" என்றார்.

இந்த முறை படிவத்தை நிரப்ப முழு மதியம் ஆனது. ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் படித்து, அவர் சொன்னதை அப்படியே போட்டேன். இப்போது கடைக்கு யார் வந்தாலும் அப்படித்தான் செய்கிறேன். நேரம் ஆகிறது, பெஞ்சில் காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பக்கம் திறக்காவிட்டால் ஏன் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

அந்த ஆவணிக்குள் கண்மாய்க்கரையில் தகரக் கொட்டகை எழுந்தது. திண்டுக்கல்லிலிருந்து மூங்கில் வந்து இறங்கியது. கட்டியவை மூன்று பரிசல்கள். டியூப் பெண்கள் இருவருக்கும் ஒவ்வொன்று. மூன்றாவது, தாமரைக்கு வர வேண்டாம் என்று வீட்டில் தடுத்து வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு. நனைய வேண்டியதில்லை என்றதும் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள்.

நவராத்திரிக்குமுன் தாமரைக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால், அதற்குள் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். இறக்கிய காலையில் நானும் என் கணவரும் போயிருந்தோம். புதியவர்கள் மூவரும் ஏறி உட்கார்ந்ததும் பரிசல்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. ஒருத்தி துடுப்பு போடப் போட இன்னும் வேகமாகச் சுற்றினாள். கரையிலிருந்து கொழுந்தனார், "ஒரே பக்கமா இழுக்காத தாயி, எட்டு மாதிரி போடு, எட்டு மாதிரி" என்று கத்திக்கொண்டே ஓடினார். அவர்களுக்குச் சிரிப்பில் துடுப்பே பிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் மூவரும் இலைகளுக்குள் போய்விட்டார்கள். சேலை நனையாமல், மடியில் பூக்களோடு.

அக்கா எங்களைக் கடைசியாகத் தன் பரிசலில் ஏற்றிக்கொண்டார். என் கணவர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்மாய் நடுவில் அக்கா பூ உதிர்ந்த தாமரைக் காய் ஒன்றைப் பறித்து, பச்சைக் கொட்டைகளை உரித்து எங்கள் கையில் கொடுத்தார். "திங்கலாம், பாய். நல்லாருக்கும்" என்றார். என் கணவர் ஒன்றை வாயில் போட்டு மென்று பார்த்தார். பிறகு விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து, இன்னொன்று கேட்டு நீட்டினார்.