கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனம்

பொரியைப் பார்த்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. ஆயுத பூஜைக்கு வீட்டில் வாங்கினால் வேறு அறைக்குப் போய்விடுவேன். மருமகள் ஒரு முறை காரணம் கேட்டாள். சொன்னேன். அந்த வருஷம் அவளும் தின்னவில்லை.

எழுபதுகளின் கடைசியில் கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு அதிகாரியாக இருந்தேன். அலமாரி உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பௌதிகம் படித்தவன் என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். அதை இயக்கியது மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பெண். கொழுந்து கிள்ளும் தாய் படிக்கவைத்த பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அணைத்தால் ஈரம் ஏறும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்ததால் அது இரவு பகலாக ஓடிக்கொண்டே இருந்தது. ஆயுத பூஜையன்று மோட்டார், லாரி, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்த மேனேஜர் கடைசியில் இதனிடம் வந்தார். நான் வேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை. பன்னீரில் குழைத்த சந்தனத்தை உச்சியிலிருந்த காற்றுத் துளைகளின்மேலேயே பட்டையாக இழுத்தார். பொரியையும் சர்க்கரையையும் ஓர் இலைகூடப் போடாமல் அங்கேயே கொட்டினார். துளைகள் நாற்பத்தெட்டு. வாங்கிய அன்றே எண்ணியிருந்தேன்.

துலா மாத, அதாவது ஐப்பசி, இடிமழையில் ஒரு நாள் காலையிலேயே கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் மட்டும் உயிர் பெறவில்லை.

கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், திரும்பி வரும்போது வோல்டேஜ் தூக்கியடிக்கும் என்பது விதி. அணைத்தேன் என்றாள் அந்தப் பெண். மேனேஜர் நம்பவில்லை. என்னிடம், "ஏனுங்க, நாளைக்கே கணக்கு முடிச்சு அந்தப் புள்ளைய ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க. மலையில கொழுந்து கிள்ளட்டும்," என்றார். கதவு திறந்திருந்தது. அவள் காதிலும் விழுந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர ஒரு வாரமாகும். அதற்குள் அவள் மலையேறியிருப்பாள். நானே பார்த்தேன். சுவர் பிளக்கில் மேஜை விளக்கை மாட்டினேன், எரிந்தது. வோல்டேஜ் சரி. ஃபியூஸ் மூன்றும் முழுசாக இருந்தன. தூக்கியடித்திருந்தால் அவைதானே முதலில் போகும்? பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே மின்சாரத்தை இணைக்கும் ரிலே 'டக்' என்று ஒட்ட வேண்டும். ஈர மணலை மிதித்ததுபோல 'நற' என்றது.

மேனேஜரை வரச்சொல்லி, அவர் முன்னாலேயே பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

முதலில் வந்தது நாற்றம். உள்ளே சந்தனம் வழிந்து காய்ந்து, கறுத்து, பொருக்குத் தட்டியிருந்தது. சர்க்கரை உருகிய பாகில் எறும்புகள் புற்றுக்கட்டியிருந்தன. பொரி ஊறி, பூசணம் பிடித்து, மயிர் முளைத்த பல்லைப்போல இளித்தது. எறும்புக்கு வந்த பல்லி ரிலேயின் கீழே செத்து ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் முட்டைகள் ஐந்து. மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினேன்.

"உள்ளயும் படையல் நடந்திருக்கு சார்," என்றாள் அந்தப் பெண், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கரண்ட் இருந்தவரை ரிலே ஒட்டியபடியே இருந்திருக்கிறது. கரண்ட் போனதும் விலகியது. விலகிய இடைவெளியில் சந்தனப் பொருக்கும் எறும்பும் விழுந்து அடைத்துக்கொண்டன. மறுபடி ஒட்ட முடியவில்லை. பல்லியைக் குறட்டால் எடுத்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தொடுமுனைகளைத் துடைத்தேன். அந்தத் துணியை இப்போது நினைத்தாலும் விரலைக் கழுவத் தோன்றுகிறது. தகட்டை மூடிப் பொத்தானை அழுத்தினேன். டக்.

மேனேஜர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, "சாமி காரியத்துல குத்தம் பாக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் அவள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மேனேஜர் மறுபடி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கிடங்கிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "கம்ப்யூட்டர் வந்த பெட்டி சார். இதுக்கு வைங்க."

மேனேஜர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு பட்டை இழுத்துப் பொரியைக் கொட்டினார்.

சாயங்காலத்துக்குள் பெட்டியில் எறும்பு மொய்த்துவிட்டது. வெளியே தூக்கிப் போடச் சொன்னேன். நான் தொடவில்லை.