மகள் ரயில் ஏறும் ஸ்டேஷன்

இன்று ஓசூர் பஸ்ஸில், ஜப்பானில் என் மகள் தினமும் வேலைக்கு ரயில் ஏறும் சின்ன ஸ்டேஷனின் வரலாற்றை போனில் படித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். "எந்த ஊருங்க இது?"

சொன்னேன். மரக்கட்டை ஏற்றுவதற்காகத் திறந்ததாம். பிறகு பள்ளிப் பிள்ளைகளின் கூட்டமாம். இப்போது ஸ்டேஷன் மாஸ்டரே கிடையாதாம்.

"நம்ம கிருஷ்ணகிரிக்கே ரயில் இல்ல, நீங்க ஜப்பானுக்குப் போயிட்டீங்க!" என்று சிரித்தார். "எப்ப போய்ப் பார்த்தீங்க?"

"போனதில்லைங்க. பொண்ணு போய் மூணு வருஷமாச்சு. இன்னும் ஊருக்கு வரல."

மறுபடி போனைப் பார்த்தேன்.

கடைசிப் பத்தியில், ஆள் குறைந்துகொண்டே போனால் ஸ்டேஷனை மூடிவிடுவார்கள் என்றிருந்தது.

மூடட்டும், அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன்.

போன் செய்து மகளிடமே சொன்னேன். "மூடினா சைக்கிள்ல அடுத்த ஸ்டேஷனுக்குப் போவேம்மா" என்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தானா?